புகை அடித்தால்தான் மனம் நிறையுமா?

கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டோரத்தில், டிங்கிக் காய்ச்சலைக் குறைப்பதற்காக வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய கொசுக்களின் முட்டைகளோடு வைத்திருந்த சிறு வாளியை எந்த மகானுபாவரோ கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதெல்லாம், "கொசுவை ஒழிக்கச் சொன்னால் கொசுவையே கொண்டுவந்து விடுகிறார்களே" என்று புலம்பும் கூட்டத்தில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

இவர்களுக்கு வேண்டியதெல்லாம் கொசு மருந்துப் புகை. சாம்பிராணி போட்டதுபோல் வளாகமே வெள்ளையாகிவிட்டால் நிர்வாகம் வேலை செய்துவிட்டது என்று மனம் குளிர்ந்துவிடுகிறது. ஆனால், புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். பூச்சாடித் தட்டில் நெளியும் புழுவையோ, காய்ந்த விளிம்பில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக் கிடக்கும் முட்டையையோ அது ஒன்றும் செய்வதில்லை. போதாக்குறைக்கு, இயந்திரச் சத்தம் கேட்டதும் நாம் சன்னல்களை இழுத்துச் சாத்திக்கொள்ள, டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு உள்ளே அலமாரியில் தொங்கும் கறுப்புச் சட்டையின் பின்னால் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. 2019இல் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டு 182 பேர் இறந்தார்களே, அந்த ஆண்டு புகைக்கா பஞ்சம்?

வோல்பாக்கியா பல பூச்சிகளுக்குள் இயற்கையாகவே வாழும் ஒரு பாக்டீரியா. அதை உடலில் கொண்ட ஏடிஸ் கொசுவுக்குள் டிங்கிக் கிருமி எளிதில் பெருகுவதில்லை. அத்தகைய ஆண் கொசு சாதாரணப் பெண் கொசுவோடு கூடினால் முட்டை பொரிப்பதில்லை. பெண் கொசுவோ தன் குஞ்சுகளுக்கெல்லாம் அதைக் கடத்திவிடுகிறது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம் நம் வெயிலைத் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுத்து, 2017 முதல் ஷா ஆலம், கிராமாட் முதலிய இடங்களில் விட்டுப் பார்த்ததில் டிங்கி ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. "மரபணுவை மாற்றிய கொசு" என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களே, அது 2010 டிசம்பரில் பகாங்கின் பெந்தோங்கில் விட்ட வேறு கொசு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"நாற்பதுதானா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், மிச்சம் அவரவர் வீட்டுப் பின்கட்டில் திறந்து கிடக்கும் நீர்த் தொட்டியில் இருக்கிறது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் கூடுதல் புகையடிப்புக்குப் பணம் ஒதுக்கத் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்களாம். அந்தப் பணத்தில் முதலில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளின் உடைந்த மூடிகளை மாற்றுங்கள் என்று நான் எழுத்துமூலமாகவே கொடுத்திருக்கிறேன்.