அந்த நத்தையால் பில்ஹார்சியா வராது

அண்ணா, கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாய் நத்தையைப் படமெடுத்துப் போட்டு, "தண்ணீரில் கால் வைத்தாலே பில்ஹார்சியா, சிறுநீரில் இரத்தம் போகும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பில்ஹார்சியா என்பது நன்னீர் நத்தை வழியாக மனிதருக்குப் பரவும் புழு நோய். படத்தில் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரித் தட்டையாகச் சுருண்டிருப்பது இன்டோபிளானோர்பிஸ் என்ற நத்தை. சிறுநீரில் இரத்தம் போகவைக்கும் புழுவுக்கு புலினஸ் என்ற வேறு நத்தை வேண்டும்; அது ஆப்பிரிக்கா, மத்திய கிழக்குப் பக்கத்துச் சங்கதி. இது சுமப்பது மாட்டுப் புழுக்களை. அதில் ஒன்று மாட்டின் மூக்கு இரத்தக்குழாயில் குடியிருந்து அதைக் குறட்டை விடவைக்கும், பாவம்! நத்தையிலிருந்து வெளிவரும் கவட்டைவால் குஞ்சுப்புழு நம் தோலைத் துளைத்தாலும், வளர வழியில்லாமல் அங்கேயே செத்துப்போகும். மிஞ்சுவது சிவந்த பருக்களும் அரிப்பும்தான். சரி, கால்வாயில் இறங்கலாமா என்றால் வேண்டாம். அதற்கு எலிக்காய்ச்சல் பயமே போதும்.