முதலில் வந்து விழும் அந்தச் சின்னத் தொகை

வீட்டிலிருந்தே வேலை என்று நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்து "பேராசை" என்று சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கைக்குழந்தையை விட்டு நகர முடியாதவர், திடீரென்று வேலை போனவர், படித்து முடித்து மாதக்கணக்கில் காத்திருப்பவர், இவர்களைக் குறிவைத்துத்தான் இந்த வலையே பின்னப்படுகிறது.

இப்போது அதிகம் நடப்பது டாஸ்க் மோசடி. தெரியாத எண்ணிலிருந்து ஒரு "ஹெச்ஆர்" வாட்ஸ்அப்பில் வருவார். வீடியோவுக்கு லைக், ஹோட்டலுக்கு ஐந்து ஸ்டார், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்பார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பியதும் சொன்ன பணம் நிஜமாகவே அக்கவுன்ட்டில் விழும். நம்பிக்கை வருவதே இந்த இடத்தில்தான். ஆனால் அது பெரும்பாலும் இன்னொருவரிடம் பறித்த பணம். 1920இல் பாஸ்டனில் சார்லஸ் பொன்சி 45 நாளில் 50 சதவீத லாபம் என்று சொல்லி, புதிதாக வந்தவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்குக் கொடுத்தாரே, அதே வித்தை.

அடுத்து டெலிகிராம் குழு. "எனக்கு வந்துருச்சு" என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களில் பலர் மோசடிக்காரர்களின் ஆட்கள்தான். 1,000 கட்டினால் 1,300 என்பார்கள். அதுவும் ஒருமுறை திரும்பி வரும். அதற்கடுத்த டாஸ்க்கில் "கூட்டு ஆர்டர் விழுந்துவிட்டது" என்று ஏதோ காரணம் சொல்லி, அவர்களுடைய தளத்தில் உங்கள் இருப்பை மைனஸ் 5,000 என்று காட்டுவார்கள். அதை அடைத்தால்தான் முன்பு போட்டதும் கிடைக்குமாம். அடைத்தால் அடுத்த மைனஸ் 20,000. போட்டதை விட மனம் வராமல்தான் மேலும் மேலும் போடுகிறோம். கடைசியில் பணத்தை எடுக்கப் போனால் வரி கட்டச் சொல்வார்கள். என் இருப்பிலிருந்தே வரியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்பார்கள். ஏனென்றால் அப்படி ஒரு இருப்பே கிடையாது. திரையில் தெரிவது அவர்கள் டைப் செய்த எண்.

டேட்டா என்ட்ரி மோசடி வேறு மாதிரி. வேண்டுமென்றே மங்கலாக்கிய பக்கங்களைக் கொடுத்து, சில நாள் கெடுவில் 98 சதவீதம் பிழையில்லாமல் அடிக்கச் சொல்வார்கள். ஒரு கமா தவறினாலும் பிழைதான். சம்பளம் வராதது மட்டுமல்ல, "ஒப்பந்தத்தை மீறினீர்கள்" என்று வக்கீல் லெட்டர்ஹெட்டில் ஒரு பிடிஎஃப் வரும். யாரோ அனுப்பிய பிடிஎஃப் வேறு, நீதிமன்ற ஆணை வேறு. பயந்து பணம் கட்டாதீர்கள். ஒரு வழக்கறிஞரிடமோ காவல் நிலையத்திலோ காட்டுங்கள். பொருளை வாங்கி வீட்டில் கோத்துத் தரும் வேலையிலும் இதே கதைதான்: மூலப்பொருளுக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள், செய்து கொடுத்ததைத் "தரம் இல்லை" என்று தள்ளிவிடுவார்கள்.

ஆள் சேர்த்தால் கமிஷன் என்றால் ஒரு கணக்குப் போடுங்கள். ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்த்தால் 12ஆவது படியில் மட்டும் சுமார் 217 கோடி பேர், 13ஆவதில் 1,306 கோடி பேர் வேண்டும். உலகத்திலேயே அவ்வளவு ஆள் இல்லை.

இவற்றைவிட ஆபத்தானது, பணமே கேட்காத வேலை. "உங்கள் அக்கவுன்ட்டில் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்." அது திருட்டுப் பணம். அக்கவுன்ட் முடக்கப்படும், விசாரணைக்குக் கூப்பிடப்படுவதும் நீங்கள்தான்.

வேலையை ஏற்கும் முன் நிறுவனத்தின் வலைத்தளத்தை நீங்களே தேடி எடுத்து, அதில் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்கள் அனுப்பும் லிங்க் வேண்டாம். ரெஜிஸ்ட்ரேஷன், பயிற்சி, டெபாசிட், எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே விலகிவிடுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டால், அந்த நிமிடமே வங்கிக்குப் போன் செய்யுங்கள். பணம் கைமாறுவதற்குள் நிறுத்தச் சில மணி நேரம்தான் இருக்கும். சாட் எதையும் அழிக்காதீர்கள். எண்கள், பரிவர்த்தனை ஐடி எல்லாவற்றையும் எடுத்துவைத்து சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். பிறகு சில நாளில் "போன பணத்தை மீட்டுத் தருகிறேன்" என்று ஒருவர் கூப்பிடக்கூடும். அவரும் முன்பணம் கேட்பார். பல நேரம் உங்கள் எண்ணை அவருக்குக் கொடுத்ததே அந்தப் பழைய கும்பல்தான்.