பேய்க்கு எதற்கு இத்தனை நீள ஃப்ளாஷ்பேக்?

நம்மூர் பேய்ப்படங்கள் மேல் எனக்கு ஒரு நாள்பட்ட புகார் உண்டு. இடைவேளை வரைக்கும் நன்றாகப் பயமுறுத்திக்கொண்டிருந்த பேய், இடைவேளைக்கு அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வந்த ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. யார் கொன்றார்கள், எங்கே புதைத்தார்கள், நிலத்தகராறா காதல் தகராறா என்று அரை மணி நேரம் ஃப்ளாஷ்பேக். ஹீரோவும் மனசு உருகி, சரி, என் உடம்பை எடுத்துக்கொள், போய்ப் பழிவாங்கு என்று சொல்லிவிடுகிறார். அந்த இடத்தில் எனக்குப் பயம் சுத்தமாகப் போய்விடும். வில்லன் எப்போது சாவான் என்று காத்திருக்கிற சாதாரண மசாலா படம்தான் மிச்சம்.

'காஞ்சனா' (2011) ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அந்தப் படத்தில் ஃப்ளாஷ்பேக்தான் உயிர், சரத்குமார் வருகிற பகுதியை இப்போது டிவியில் போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் அதைப் பேய்ப்படம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அது ஜெயித்த பிறகு வந்த ஏகப்பட்ட படங்களில் நல்ல பேய், கெட்ட மனிதன், நடுவில் நாலு காமெடி நடிகர்கள் பங்களாவுக்குள் ஓடுவது என்று ஒரே அச்சு. அதோடு எனக்கு அலுத்துவிட்டது.

எனக்குப் பிடித்த படங்களை யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டில் ஏதோ சரியில்லை என்று ஒரு ஆளுக்கு மட்டும் தெரியும், மற்றவர்கள் நம்ப மாட்டார்கள், அல்லது நம்புவதற்கு அவர்களுக்கு நேரமில்லை. எனக்குப் பயம் அங்கேதான் வருகிறது. பேயின் முகத்தைப் பார்த்து வருகிற பயம் ரெண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். (இதற்குமேல் கதையெல்லாம் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

'யாவரும் நலம்' (2009). விக்ரம் குமார் இயக்கம், பி.சி.ஸ்ரீராம் கேமரா. கடன் வாங்கி பிளாட் வாங்கின ஒரு கூட்டுக் குடும்பம், வீட்டு நம்பர் 13பி. மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது. வீட்டுக்குள் செல்போனில் எடுத்தால் அவர் முகம் மட்டும் கோணலாகும். பால் திரிந்துபோகும், பூஜை அறைச் சுவரில் ஆணி இறங்காது. ரத்தம் இல்லை, கத்தல் இல்லை, எல்லாமே புது வீட்டுக்குப் போன யாரும் அசோசியேஷன் செக்ரட்டரியிடம் சொல்லக்கூடிய புகார்கள். அப்புறம் மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் சேர்ந்து பார்க்கிற சீரியல். அந்த வீட்டில் நடக்கப்போவதெல்லாம் அதில் முன்கூட்டியே நடக்கிறது, அதைக் கவனித்தவர் மாதவன் ஒருவர்தான். அவர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு சீரியல் பார்க்க ஓடுவதை வெளியாள் பார்த்தால் சிரிப்பார், நமக்கோ வயிற்றைக் கலக்கும். இதிலும் பின்பாதியில் பழைய கொலைக் கதை வருகிறது, ஆனால் அதை விசாரணையாக வைத்திருப்பதால் பிடி விடவில்லை. கடைசியில் லிஃப்டுக்குள் வருகிற அந்த ஒரு போன் கால் போதும்.

இந்த இடத்தில், பழிவாங்கும் பேய் நம் மரபில் உள்ளதுதானே, நீலி கதை மறந்துவிட்டதா என்று கேட்பீர்கள். நீலியையே எடுத்துக்கொள்வோம். போன பிறவியில் கணவன் கையால் செத்தவள், இந்தப் பிறவியில் வணிகனாக வருகிறவனைப் பழையனூர்ப் பக்கம் மடக்குகிறாள். ஆனால் கதை சொல்கிறவர்கள் கூட்டத்தை உறைய வைப்பது போன பிறவிக் கதையைச் சொல்லும்போது இல்லை. அவள் கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய், இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறார் என்று அழுகிறாளே, அங்கே. அவன் இவள் பேய், இவள் பேய் என்று கதறுகிறான். பிள்ளையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்து இப்படிச் சொல்கிறாயே என்று பெரியவர்கள் அவனைத்தான் திட்டுகிறார்கள். அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்த வாளையும் வாங்கிக்கொண்டு ராத்திரி அவளோடு ஒரே அறையில் தங்க வைக்கிறார்கள். உன் உயிருக்கு எங்கள் உயிர் ஈடு என்று வாக்குக் கொடுத்த 70 வேளாளர்களும் மறுநாள் தீப்பாய்ந்து செத்தார்கள் என்று கதை முடியும். எல்லாரும் நல்லவர்கள், நியாயமாகத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். இதைவிடப் பயங்கரமான திரைக்கதையை நான் பார்த்ததில்லை. நாம் அதிலிருந்து பழிவாங்கலை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பஞ்சாயத்தை விட்டுவிட்டோம்.

'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) பற்றிப் பேசினால் எல்லாரும் தலை சுற்றுவதையும் பச்சை வாந்தியையும்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் படத்தில் பார்க்கவே முடியாத காட்சி ஆஸ்பத்திரியில் நடப்பது. அந்தச் சின்னப் பெண்ணின் கழுத்தில் ஊசி ஏற்றி ஸ்கேன் எடுக்கிறார்கள், மிஷின் தடதடவென்று அடிக்கிறது, கடைசியில் படத்தில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். அம்மாக்காரி டாக்டர் டாக்டராக அலைகிறாள். கடவுள் நம்பிக்கையே இல்லாதவள், கடைசியில் அவளிடம் பேயோட்டிப் பார்க்கலாமே என்று சொல்வதும் அதே டாக்டர்கள்தான்! கிழப் பாதிரியார் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது படம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அந்தக் கிழவராக நடித்த மேக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது நாற்பதைக் கொஞ்சம் தாண்டின வயசு, எல்லாம் டிக் ஸ்மித் போட்ட மேக்கப். அந்தப் படுக்கையறை செட்டை ஏசி வைத்து உறையும் அளவுக்குக் குளிரூட்டித்தான் எடுத்தார்கள், அவர்கள் வாயிலிருந்து வருகிற புகை நிஜ மூச்சு. இன்று கம்ப்யூட்டரில் போடும் புகை ஏன் ஒட்ட மாட்டேன் என்கிறது என்று இதைப் பார்த்தால் புரியும்.

'பூதகாலம்' (2022), ராகுல் சதாசிவன். மலையாளம். வாடகை வீட்டில் ஒரு அம்மா, வேலை கிடைக்காத ஒரு பையன், பாட்டி செத்துப்போகிறாள். ராத்திரி பையனுக்கு மட்டும் ஏதோ கேட்கிறது. அம்மா ஏற்கெனவே மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், பையன் குடிக்கிறவன், ஆகவே யார் சொன்னாலும் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் தலையாட்டிவிட்டுப் பின்னால் போய்ப் பேசுகிறார்கள். பேய் இருக்கிறதா இல்லையா என்பது ரொம்ப நேரம் தெரியாது, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மாட்டார்களா என்றுதான் எனக்கு இருந்தது. ரேவதி அம்மாவாக வருகிறார். 1992-ல் ராம் கோபால் வர்மாவின் 'ராத்' படத்தில் பேய் பிடித்த கல்லூரிப் பெண்ணாக நடித்ததும் இதே ரேவதிதான். முப்பது வருஷம் கழித்து இந்தப் பக்கம் நின்று பயப்படுகிறார். ரெண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், நடிப்பு என்றால் என்ன என்று தெரியும். இதே இயக்குநர் பிறகு மம்மூட்டியை வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் 'பிரம்மயுகம்' (2024) எல்லாருக்கும் தெரியும், அதுவும் பிடிக்கும், ஆனால் என் ஓட்டு 'பூதகாலம்' பக்கம்.

ஃப்ளாஷ்பேக்கை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று கற்றுக்கொள்ள வேண்டுமானால் 'ரிங்கு' (1998). ஹிதேயோ நகாடாவின் ஜப்பானியப் படம், அமெரிக்க ரீமேக் இல்லை. ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தால் ஏழு நாளில் சாவு. பத்திரிகைக்காரி ஒருத்தி, அவளுடைய முன்னாள் கணவன், ரெண்டு பேரும் ஓடி ஓடி விசாரித்து, சடாகோ என்ற பெண்ணைக் கிணற்றில் தள்ளிக் கொன்றதைக் கண்டுபிடிக்கிறார்கள். கிணற்றில் இறங்கி எலும்புக்கூட்டை எடுத்து அணைத்துக்கொண்டு அழுகிறாள். கெடு தாண்டிவிட்டது, அவள் சாகவில்லை. நம்மூர் படம் இங்கே சுபம் போட்டிருக்கும், பார்க்கிற நாமும் அப்பாடா என்று சாய்ந்து உட்காருவோம். மறுநாள் பகலில் அந்த முன்னாள் கணவன் வீட்டு டிவி தானாக ஓடுகிறது. கிணற்றிலிருந்து அவள் வருகிறாள், வந்து, டிவியை விட்டும் வெளியே வருகிறாள். உன் கதையைக் கேட்டோமே, நியாயம் செய்தோமே என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த நடை மனித நடையாகத் தெரியாததற்குக் காரணம், நடிகையைப் பின்பக்கமாக நடக்கவிட்டு எடுத்த பிலிமைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். செலவே இல்லாத தந்திரம்! பிள்ளையைக் காப்பாற்ற அந்த அம்மா கடைசியில் கேசட்டோடு யார் வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகிறாள் என்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். நகாடாவின் 'டார்க் வாட்டர்' (2002) இன்னும் மெதுவான படம், வாடகை வீட்டின் மேற்கூரையில் ஒரு ஈரக்கறை, நாளுக்கு நாள் பெரிதாகிறது, புகார் சொன்னால் கேட்க ஆளில்லை. கணவனோடு பிள்ளை யாருக்கு என்று வழக்கு நடக்கிற நேரத்தில் பேய் என்று வாய் திறந்தால் பிள்ளை கையை விட்டுப்போகும்.

தண்ணீர் என்றதும் அறிவழகனின் 'ஈரம்' (2009). இதில் ஃப்ளாஷ்பேக் ரொம்ப நீளம்தான், ஆனாலும் மன்னித்துவிட்டேன், ஏனென்றால் சந்தேகப் புருஷனும் அக்கம்பக்கத்து வாயும் பேயைவிட மோசமாக இருக்கிறார்கள். 'பீட்சா'வை (2012) வேறு கணக்கில் பிடிக்கும். பங்களாவில் நடந்ததை விஜய் சேதுபதி மூச்சு வாங்கச் சொல்வதும் எதிரில் இருப்பவர்கள் நம்புவதும்தான் மொத்தப் படமே, கார்த்திக் சுப்புராஜ் கடைசியில் நம்மையும் அந்த எதிரில் இருப்பவர்களோடு சேர்த்துவிட்டார்.

மிஷ்கினின் 'பிசாசு' (2014) என் விதி எதற்கும் அடங்காது. அங்கே பேய் பயமுறுத்த வரவில்லை, பீர் குடிக்க விடமாட்டேன் என்கிறது. அப்பாவாக ராதாரவி ஐஸ் பேக்டரியில் செய்கிற காரியத்தைப் பார்த்துப் பயப்படுவதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பேய்ப்படம்தானா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன், 'காஞ்சனா'வுக்கு இல்லை என்று சொன்னவன் இதற்கு எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால் பதில் கிடையாது, பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

'கான்ஜுரிங்', 'அனபெல்' வகையறா எங்கே என்று கேட்பவர்களுக்கு: சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் அவற்றில் பாதி எனக்குப் பயமாக இல்லை. கொரியாவின் 'தி வெயிலிங்' (2016) பற்றி இதே நீளத்தில் தனிப்பதிவுதான் போட வேண்டும், அதில் யாரை நம்புவது என்று எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. உங்கள் பட்டியலைக் கமெண்டில் போடுங்கள். ஃப்ளாஷ்பேக் பத்து நிமிஷத்துக்கு மேல் போகிற படமாக இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அந்த நேரத்தில் நான் எழுந்து போய் டீ போட்டுக்கொள்கிறேன்.