மேசையை எடுக்கச் சொன்னவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். விழா மண்டப வாசலில் நானும் இரண்டு பிள்ளைகளும் சின்னதாக ஒரு மேசை போட்டு, பிரித்தானிய வாக்காளர் இடாப்பில், அதுதான் வாக்காளர் பட்டியலில், பெயர் பதிய உதவிக்கொண்டு இருந்தோம். அரை மணித்தியாலம் ஆகவில்லை, “இஞ்ச அரசியல் வேண்டாம், மேசையை எடுங்கோ” என்றார்கள். எடுத்தோம், சண்டை பிடிக்கவில்லை. ஆனால் மூன்று நாளாக மனதுக்குள் கிடந்து அறுக்கிறது.

நாங்கள் எந்தக் கட்சிக்கும் ஆள் பிடிக்கவில்லை. பெயரைப் பதியுங்கள் என்றோம், அவ்வளவுதான். யாருக்குப் போடுவது, போடாமல் விடுவது எல்லாம் உங்கள் விருப்பம். பதியாத ஆளுக்கு அந்த விருப்பமே இல்லையே!

“பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாத சனத்தைக் குழப்புறீங்கள்” என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் போட்டிருக்கிறார். அண்ணை, இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய (கொமன்வெல்த்) நாடுகள். அந்தக் குடியுரிமையோடு பிரித்தானியாவில் முறையான விசாவில் இருக்கும் 18 வயது தாண்டியவர்கள் பதியலாம். கவுன்சில் என்கிற உள்ளூராட்சித் தேர்தலுக்கு மட்டுமில்லை, பாராளுமன்றத் தேர்தலுக்கும் வாக்குப் போடலாம். படிக்க வந்த பிள்ளையும் போடலாம். இது நான் கண்டுபிடித்த புதுக்கதை இல்லை, சட்டம்.

அன்றைக்கு வந்த ஒரு அக்கா, 17 வருடமாக முதியோர் இல்லத்தில் இரவு வேலை. கவுன்சில் வரி ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. “எனக்குமோ?” என்று இரண்டு தரம் கேட்டார். பதியக் கேட்கிற நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், இங்கே வேலை செய்பவர்களுக்கு அரசு கொடுக்கிற இலக்கம், அவருக்கு மனப்பாடம். உதட்டை அசைத்து அசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனில் அடித்தார். ஐந்து நிமிடம். முடிந்ததும் போனை மகனிடம் நீட்டிக் காட்டினார். அவருக்கு அடுத்ததாக நின்ற தம்பியைத்தான் “உள்ளுக்குப் போங்கோ” என்று அனுப்பினீர்கள்.

ஒரு வாக்கால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களோடு எனக்கு மினக்கெட நேரமில்லை. ஒன்று மட்டும். தேர்தல் நேரம் கதவு தட்ட வருபவர்கள் கையில் இருப்பது அந்த இடாப்புத்தான். பெயர் இல்லாத வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். பிறகு “எங்களை ஒருத்தரும் கணக்கெடுக்கிறதில்லை” என்று நாங்களே புலம்புவோம்.

என் வாயை அடைக்கிற கேள்வி ஒன்றுதான். “பேரைப் பட்டியலில குடுத்தா பிறகு என்ன நடக்குமோ?” 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பில் காடையர் கையில் இருந்ததும் வாக்காளர் இடாப்புத்தான். எது தமிழ் வீடு என்று அதைப் பார்த்துத்தான் வந்தார்கள். அப்பா அப்போது அங்கே இருந்தவர். இங்கே வந்த பிறகு, பதியச் சொல்லிக் கவுன்சில் அனுப்பிய கடிதங்களை உடைக்காமலே அலுமாரியில் உடுப்புக்குக் கீழே வைத்திருக்கிறார். அவர் போன பிறகு எடுத்து எண்ணினேன். பதினொன்று. ரப்பர் பான்ட் போட்டுக் கட்டியிருந்தது.

மனுசன் பஞ்சிப்படுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பொதுவில் விற்கிற இடாப்பில் பெயர் வராமல் விலக்கச் சொல்லலாம், உயிருக்கு ஆபத்து உள்ளவர்கள் பெயர் தெரியாமலே பதிய வழி இருக்கிறது என்று ஒருநாளும் பக்கத்தில் இருந்து சொன்னதில்லை. அவருக்குச் சொல்லாததைத்தான் அந்த மேசையில் இருந்து மற்றவர்களுக்குச் சொன்னேன். அதைப் போய் அரசியல் என்று சொல்லாதீர்கள், தாங்க முடியவில்லை.

வரும் ஞாயிறு மண்டபத்துக்குள் வரமாட்டோம், வெளியே நடைபாதையில் நிற்போம். நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கத்தோடு வந்தால் போதும். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்னர் பதிந்துவிட வேண்டும். வாக்குப் போட இங்கிலாந்தில் 2023 இலிருந்து படம் உள்ள அடையாளம் கேட்கிறார்கள், இலங்கை, இந்தியப் பாஸ்போர்ட்டும் செல்லும்.

அந்த அக்காவுக்குப் பின்னால் நின்ற தம்பியைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து அவருக்குச் சொல்லிவிடுங்கள்.