எட்டாவதோடு கைவிடும் ஆர்டிஇ: ஒன்பதாம் வகுப்புக் கட்டணத்தை யார் கட்டுவது?

பதினான்கு வயதில் ஒரு பிள்ளையின் படிப்பு முடிந்துவிடுமா? ஆர்டிஇ என்கிற கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அரசே விண்ணப்பம் வாங்கி, குலுக்கல் நடத்தி, கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம் என்று சொல்லித் தனியார் பள்ளியில் எல்கேஜியில் உட்கார வைத்த பிள்ளை அது. எட்டாம் வகுப்பு முடிந்ததும் அதே அரசு கையை எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் படிக்க வேண்டுமா, முழுப் பணத்தையும் கட்டு. கட்ட முடியாதா, டிசி வாங்கிக்கொண்டு போ.

என் மகள் 2015இல் ஆர்டிஇ இடத்தில் எல்கேஜி சேர்ந்தவள். 2025 ஏப்ரலில் எட்டாவது முடித்தாள். பள்ளி ஆபீஸில் சொன்னது இவ்வளவுதான்: "ஆர்டிஇ எட்டாவதோட முடிஞ்சுதுங்க. ஒம்பதாவதுக்கு மத்த பிள்ளைங்க மாதிரி கட்டிருங்க." கையில் கொடுத்த சீட்டில் 42,000 ரூபாய். புத்தகம், வேன் எல்லாம் தனி. நான் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் ஓட்டுகிறவள். வீட்டுக்காரர் செக்கிங்கில் இருக்கிறார். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் திங்கட்கிழமை வாடகைக்கும் மளிகைக்கும் போய்விடும். ஆர்டர் இல்லாத மாதம் அதுவும் கிடையாது. எங்கள் வருமானம் எவ்வளவு என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதானே அன்றைக்கு இடம் கொடுத்தார்கள்? இந்தப் பத்து வருடத்தில் நாங்கள் பணக்காரர்களாக மாறிவிட்டோம் என்று எந்தச் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்தார்கள்?

சட்டத்தை நான் படிக்காமல் பேசவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. அதே பிரிவில்தான் தொடக்கக் கல்வி முடியும் வரை என்ற வரம்பும் இருக்கிறது. அதாவது எட்டாம் வகுப்பு. அரசியல் சாசனத்தின் 21ஏ பிரிவு 6 வயது முதல் 14 வயது வரைக்கும்தான் இலவசக் கல்வியை உரிமையாக்கியது, அதனால் சட்டமும் அங்கேயே நின்றுவிட்டது. இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தத்தின்படி முழுத் தடை 14 வயது முடியும் வரைதான். அதற்கு மேல் 18 வரை, ஆபத்தான தொழில்களில் மட்டும்தான் சேர்க்கக் கூடாது. படிக்கும் உரிமை முடிகிற வயதும் வேலைக்குப் போகலாம் என்கிற வயதும் ஒன்றேதான். எங்கள் ஊரில் ஒன்பதாவதில் நின்றுபோகும் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. கைமடிக்கவும் பிசிர் வெட்டவும் என் பக்கத்திலேயே வந்து உட்கார்கிறார்கள்.

சரி, அரசுப் பள்ளிக்கு மாற்ற வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. உறவுக்காரர்களே கேட்டார்கள். அரசுப் பள்ளி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நானே அங்கே படித்தவள்தான். ஆனால் பத்து வருடம் ஒரே இடத்தில் படித்த பிள்ளையைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒரு வருடம் முன்னால் பிடுங்கி வேறிடத்தில் நடுவது அவ்வளவு எளிதா? என் மகள் படிப்பது சிபிஎஸ்இ. அவள் படித்த கணக்கு, அறிவியல் பாடங்களின் வரிசையே வேறு. மாறினால் புதுப் பாடத்திட்டம், புது டீச்சர்கள், புதுத் தோழிகள், எல்லாமே ஒரே வருடத்தில். இதில் மதிப்பெண் குறைந்தால், அவளுக்குப் படிப்பு வரவில்லை என்று அவள் தலையில்தான் எழுதுவார்கள். காரணம் யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

என்னை அதிகம் கொதிக்க வைப்பது இனிமேல் சொல்லப்போவதுதான். ஆர்டிஇ பிள்ளைகள் ஒன்பதாவதில் தனியார் பள்ளியை விட்டு வெளியேறுவார்கள் என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அதற்கு ஏற்ற மாதிரி விதி எழுதி வைத்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020இல் தமிழ்நாடு அரசு மருத்துவப் படிப்புக்குக் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அல்லது ஆர்டிஇயில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் இதே ஏற்பாடுதான். வெளியே வந்த பிள்ளைக்கு இதெல்லாம் கிடைப்பது நியாயம், நான் மறுக்கவில்லை. கடன் வாங்கியாவது அதே பள்ளியில் தொடரும் பிள்ளையின் நிலை என்ன? அவளுக்கு 7.5 கிடையாது. கல்லூரியில் மாதம் 1,000 கிடையாது. பொறியியல் படிப்பில் அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்கு அரசே கட்டும் கட்டணமும் கிடையாது. எட்டாவது வரை ஏழைப் பிள்ளை என்று அரசின் பதிவேட்டில் இருந்தவள், ஒன்பதாவது பெஞ்சில் உட்கார்ந்த நிமிடத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கணக்கில் சேர்ந்துவிடுகிறாள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அம்மாவும் கார் வைத்திருக்கும் அப்பாவும் அரசின் கண்ணுக்கு ஒன்றாகிவிடுகிறார்கள்.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். எதற்கு? என்எம்எம்எஸ் என்ற ஒன்றிய அரசின் உதவித்தொகைத் தேர்வு எட்டாம் வகுப்பில்தான் நடக்கிறது. தேர்ச்சி பெற்றால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். எங்களுக்கென்றே செய்தது போன்ற உதவி. ஆனால் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள்தான் அதை எழுத முடியும். ஆர்டிஇ பிள்ளை தனியார் பள்ளியில் இருப்பதால் தேர்வு அறைக்குள்ளேயே போக முடியாது. அந்தத் தனியார் பள்ளியில் அவளைச் சேர்த்தது யார்? ஸ்ரேஷ்டா என்று ஒன்றிய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. பட்டியலின மாணவர்களை 9ஆம் வகுப்பிலும் 11ஆம் வகுப்பிலும் நல்ல தனியார் விடுதிப் பள்ளிகளில் சேர்த்துச் செலவை ஏற்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 3,000 இடங்கள், அதுவும் விடுதிப் படிப்பு. ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிப் பிள்ளைக்கு அரசு உதவி செய்யலாம் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். பிறகு தாங்களே சேர்த்த பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இல்லை?

2022இல் இன்னொன்று நடந்தது. சிறுபான்மை மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்பு வரை ஒன்றிய அரசு தந்த பிரீ மெட்ரிக் உதவித்தொகையை 1 முதல் 8 வரை நிறுத்தினார்கள். சொன்ன காரணம், அந்த வகுப்புகளுக்குத்தான் கல்வி உரிமைச் சட்டத்தில் இலவசக் கல்வி இருக்கிறதே என்பது. எட்டுக்கு மேல் அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை அரசே எழுத்தில் சொன்ன மாதிரிதான் இது. இல்லையென்று தெரிகிறது, நிதியை வெட்டும்போது அந்தக் கோடு ஞாபகத்துக்கு வருகிறது, கோட்டைத் தள்ளிப்போட மட்டும் யாருக்கும் மனம் வருவதில்லை.

தள்ளிப்போட முடியாத கோடா இது? சத்தீஸ்கர் 2019இலேயே ஆர்டிஇ பிள்ளைகளுக்கு 12ஆம் வகுப்பு வரை நீட்டித்தது. தமிழ்நாட்டை விட வருமானம் குறைந்த மாநிலம் அது. 2019இல் வெளியான புதிய கல்விக் கொள்கையின் வரைவும் இந்தச் சட்டத்தை 12ஆம் வகுப்பு வரை கொண்டுபோகச் சொன்னது. அந்தக் கொள்கையில் நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம். இந்த ஒரு வரியில் என்ன சண்டை? கல்வியில் முன்னோடி என்று மேடைக்கு மேடை பேசும் மாநிலம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுத்துப் பெயர் வாங்கிய மாநிலம், இதற்கு மட்டும் டெல்லியைக் கை காட்டிக்கொண்டிருக்கலாமா?

டெல்லியைச் சொன்னதும் இன்னும் வயிறு எரிகிறது. எங்களுக்காவது எட்டாவது வரை கிடைத்தது. 2025இல் எல்கேஜி சேர வேண்டிய பிள்ளைகளுக்கு அந்த வாசலே மூடியிருந்தது. தேசியக் கல்விக் கொள்கை, பிஎம்ஸ்ரீ பள்ளிகள் என்று இரண்டு அரசுகளுக்கும் நடந்த சண்டையில், சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. பணம் வரவில்லை என்று சொல்லி மாநில அரசு ஆர்டிஇ சேர்க்கையைத் தொடங்கவே இல்லை. கல்வி உரிமைக்கான பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று அந்த ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. பணம் வரவில்லை என்பதைக் காட்டி மாநில அரசும் தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் சொன்னது. கடைசியில் அக்டோபரில்தான் சேர்க்கை அறிவிப்பு வந்தது. அதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது. வட்டிக்கு வாங்கி ஜூனிலேயே பணம் கட்டியவர்கள் எத்தனை பேர், வேறு வழியில்லாமல் ஆசையை விட்டவர்கள் எத்தனை பேர்? கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். கட்டிய வட்டியை யார் திருப்பித் தருவார்கள்?

பணம் வராத வருடங்களில் அந்தக் கோபத்தைப் பள்ளிகள் எங்கள் பிள்ளைகள் மேல்தான் காட்டுகின்றன. "உங்க கவர்மென்ட் இன்னும் பணம் போடலைங்க" என்று பெற்றோர் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் சொல்கிறார்கள். எங்கள் கவர்மென்ட்டாம். புத்தகத்துக்கு, யூனிஃபார்முக்கு, ஸ்மார்ட் கிளாஸுக்கு என்று தனித்தனியாக வாங்கிவிடுவார்கள், பாதிக்கு ரசீது கிடையாது. படிப்பை முடிக்கத் தடையாக இருக்கும் எந்தக் கட்டணமோ செலவோ பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. இதை ஆபீஸில் போய்ச் சொன்னால், அப்புறம் வகுப்பில் பிள்ளைதான் எழுந்து நிற்க வேண்டும். அதற்குப் பயந்தே நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கட்டினோம். வகுப்பில் என் மகளுக்குப் பெயர் இருக்கும்போதே "ஆர்டிஇ பொண்ணு" என்று கூப்பிட்ட டீச்சரும் உண்டு. அவளை அரவணைத்து, சனிக்கிழமைகளில் தனியாகக் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சரும் அதே பள்ளியில்தான் இருக்கிறார். அவருக்காகத்தான் அவள் அந்தப் பள்ளியை விடமாட்டேன் என்று அழுதாள்.

தனியார் பள்ளிக்கு ஏன் மக்கள் வரிப்பணத்தைக் கொடுக்க வேண்டும், அதை அரசுப் பள்ளியில் போடலாமே என்று படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். நேர்மையான கேள்வி. அதற்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்தக் கேள்வியை எல்கேஜி சேர்க்கையின் போது கேளுங்கள். புதிதாக யாரையும் சேர்க்க வேண்டாம் என்று நாளைக்கு முடிவு எடுத்தால், அதை விவாதிக்கலாம். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பிள்ளையின் பாதிப் படிப்பில் வந்து கொள்கை பேசாதீர்கள். ஒரு பள்ளிக்கு ஒன்பதாவதில் இருக்கும் ஆர்டிஇ பிள்ளைகளை எண்ணினால் பத்து, இருபது பேருக்கு மேல் வராது. தனியார் பள்ளிக்கட்டணத்தை நிர்ணயிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு இருக்கிறது, பள்ளி வாரியாகக் கட்டணப் பட்டியல் இருக்கிறது, அரசின் மாணவர் பதிவேட்டில் பிள்ளை வாரியாக எமிஸ் எண் இருக்கிறது. யார் எந்த வகுப்பில் ஆர்டிஇயில் படிக்கிறார் என்பது ஒரு பொத்தானைத் தட்டினால் தெரியும். தகவல் இல்லை, கணக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

டிசி கேட்டுப் போன பெற்றோரிடம் பழைய பாக்கி என்று ஒரு தொகையைச் சொல்லி இழுத்தடிக்கும் பள்ளிகள் இன்னமும் இருக்கின்றன. டிசியில் கட்டணப் பாக்கி என்று எழுதவே கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்னைப் போல மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பயப்படாமல் கேளுங்கள்.

நாங்கள் முதல் டெர்ம் பணத்தை என் தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டிவிட்டோம். அடுத்த டெர்முக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அரசிடம் கேட்பது இதைத்தான். ஆர்டிஇயில் எட்டாவது முடித்த பிள்ளை அதே பள்ளியில் தொடர்ந்தால், 12ஆம் வகுப்பு வரை அந்தக் கட்டணக் குழு நிர்ணயித்த தொகையை அரசு கட்ட வேண்டும். அதற்கான அரசாணை, பள்ளிகள் ஒன்பதாம் வகுப்புக்குப் பணம் கேட்கத் தொடங்கும் ஏப்ரலுக்கு முன்பே வர வேண்டும். அதுவரைக்கும் குறைந்தது என்எம்எம்எஸ் தேர்வையாவது இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். 7.5லும் புதுமைப் பெண்ணிலும், வேறு வழியின்றித் தனியார் பள்ளியிலேயே தொடரும் ஆர்டிஇ பிள்ளைகளையும் சேருங்கள். சட்டமன்றத்தில் கல்வி மானியக் கோரிக்கை வருடா வருடம் வருகிறது. எங்கள் தொகுதி எம்எல்ஏவிடம் மனு கொடுத்திருக்கிறோம், இந்த வருட விவாதத்தில் அவர் எழுந்து இதைக் கேட்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.