நோட்டோட வால் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்க பிரதர்!

மறுபடியும் ஒரு பாட்டு, மறுபடியும் ஒரு மிடி ஃபைல் (சத்தம் இல்ல, எந்தச் சுரம் எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியணும்ங்கிற குறிப்பு மட்டும்), மறுபடியும் அதே பேஜாரு. அந்தச் சுரங்களை, அதாவது நோட்டுகளை, கட்டம் கட்டமா காட்டுற பியானோ ரோலைத் திறந்தா பேஸ், வயலின், டிரம்பெட், ஷெனாய் அத்தனையும் ஒரே நீளம். தாளத்தைச் சமமா பிரிச்ச கிரிட் கோட்டுல ஆரம்பிச்சு அடுத்த கிரிட் கோட்டுல முடியுது, செங்கல் அடுக்கி வச்ச மாதிரி. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, சும்மா கீபோர்டு சவுண்டு மாதிரியே கீது. கொஞ்சம் ரியலா ஆக்கிக் குடுண்ணா. நாளைக்குக் காலைல ரிலீஸு."

ஏன் அப்படிக் கேக்குதுன்னு திருப்பிக் கேட்டா உடனே வாத்திய சவுண்டு லைப்ரரி மேல பழி. யார்கிட்டயோ ஹார்ட் டிஸ்க் வாங்கி 60 ஜிபி ஸ்ட்ரிங்ஸ் (வயலின் வகை சவுண்டு) ஏத்தியாச்சு, கம்ப்யூட்டர் மூச்சுத் திணறுது, சவுண்டு மட்டும் அப்படியே இருக்கு. இருக்காம என்ன பண்ணும்? நோட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு மணிக்கணக்கா உருட்டுறீங்க, வெலாசிட்டியை, அதாவது அடிக்கிற வேகத்தை, ஏத்தி இறக்குறீங்க. எங்க முடியுதுன்னு ஒருத்தரும் பாக்கறதில்ல. 1983ல மிடி வந்தப்பவே 'நோட் ஆன்', 'நோட் ஆஃப்' ரெண்டுக்கும் தனித்தனி மெசேஜ் வச்சுட்டான். அதுல பாதியை மட்டும் யூஸ் பண்ணிட்டு சாஃப்ட்வேரைத் திட்டினா எப்படி?

புரோகிராம் பண்றதைத் தப்புன்னு சொல்லல. வியாசர்பாடியிலயும் கொருக்குப்பேட்டையிலயும் பத்துக்குப் பத்து ரூம்ல மைக் வச்சு வயலின் செக்‌ஷன் எடுக்க முடியாது. ஒரு பக்கம் கூட்ஸ் வண்டி, இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரி ஹாரன். அதனால எல்லாமே கீபோர்டுலதான் வரும், வரட்டும். ஆனா வாசிக்கிற ஆளோட கையும் மூச்சும் எங்க விடுதோ அதைத்தான் நோட்டோட முடிவு சொல்லணும். அதைக் கிரிட்டுக்கிட்ட ஒப்படைச்சிட்டா அங்க ஆளே இல்ல.

பேஸை எடுத்துக்கோங்க. 120 டெம்போ (நிமிஷத்துக்கு 120 பீட்), ஒரு பீட்டை 480 டிக்கா துண்டு போட்டா எட்டுல ஒரு நோட்டு, அதாவது அரை பீட், 240 டிக், அதாவது 250 மில்லி செகண்ட். முழுசா 240ஐயும் இழுத்து விட்டா கிக் டிரம்மும் பேஸும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அடியில கலீஜா கொழகொழன்னு நிக்கும். அப்புறம் சத்தத்தோட அடி, மேல் பகுதியை ஏத்தி இறக்குற ஈக்யூல 200 ஹெர்ட்ஸை வெட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. வெட்ட வேண்டியது ஈக்யூவை இல்ல, நோட்டை. 190, 200 டிக்குக்குக் கொண்டு வாங்க. ஸ்னேர் டிரம்முக்கோ டோலக் தட்டுக்கோ முன்னாடி வர்ற நோட்டை இன்னும் சுருக்குங்க. பாரோட (நாலு பீட் சேர்ந்த ஒரு சுத்து) முதல் அடியை மட்டும் நீளமா விடுங்க. அந்தச் சந்துல டோலக் தானா வெளிய வரும். இன்னொண்ணு, பேட்ச்ல (நீங்க எடுத்த வாத்திய சவுண்டுல) ரிலீஸ் டைம், அதாவது நோட்டை விட்டப்புறம் சத்தம் அடங்குற நேரம், 200 மில்லி செகண்ட் வச்சிருந்தா நோட்டை எவ்ளோ சுருக்கினாலும் வித்தியாசமே தெரியாது, வால் நீண்டுகிட்டே இருக்கும். முதல்ல ரிலீஸை 40, 50க்கு இறக்குங்க, அப்புறம் நோட்டைத் தொடுங்க. இந்த வரிசை மாறினா வேலை மொத்தமும் வேஸ்ட்.

டிரம்பெட்டுதான் உச்சகட்டக் கொடுமை. இதே 120 டெம்போல எட்டு பார் இடைவெளியே இல்லாம ஒரு லைன். கணக்குப் போட்டா 16 செகண்ட். ராயபுரம் பக்கம் திருவிழால வாசிக்கிற பேண்டு செட்காரரை நிறுத்தி, இதை ஒரே மூச்சுல ஃபுல் ஃபோர்ஸா ஊதுங்கன்னு கேட்டுப் பாருங்க, அந்த டிரம்பெட்டாலயே அடிப்பாரு. ரெண்டு பாருக்கோ நாலு பாருக்கோ ஒருதரம் மூச்சு வாங்க இடம் விடணும். அந்த இடத்தை முந்தின நோட்டோட வால்ல இருந்து எடுக்கணும், ஒரு 250, 300 மில்லி செகண்ட். அடுத்த நோட்டைத் தள்ளி வச்சு எடுக்கக் கூடாது, தாளம் போயிடும். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்தா நடுவுல 20, 30 மில்லி செகண்ட் சந்து விடுங்க, நாக்கு தட்டுற இடம் அது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னா முதல் நோட்டோட 'ஆஃப்' வந்து ரெண்டாவது நோட்டைக் கொன்னுடும். பல சிந்த்ல (சத்தம் உண்டாக்குற சாஃப்ட்வேர் வாத்தியம்) இதுதான் நடக்குது. "நோட்டு மிஸ் ஆகுது, பிளகின்ல பக்" அப்படின்னு ஒரு உதாரு வேற. மூணு டிரம்பெட் வேணும்னு ஒரே டிராக்கை மூணு காப்பி போடுறவங்களுக்கும் இதேதான்: மூணு பேரு ஒரே மில்லி செகண்டுல வாயை எடுக்க மாட்டாங்க. ஆளுக்கு 10லருந்து 30 மில்லி செகண்ட் முன்னப்பின்ன முடிச்சு வைங்க.

ஸ்ட்ரிங்ஸுக்கு நேர் எதிர். லெகாட்டோ (விடாம ஒட்டி வாசிக்கிற) பேட்ச்சா இருந்தா ஒரு நோட்டு முடியுறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிக்கணும், அப்பதான் ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு வழுக்குற சாம்பிள் எழும். 10, 20 டிக் ஏறினாப் போதும். ஏறலேன்னா ஒவ்வொரு நோட்டுக்கும் வில்லைப் புதுசா போட்ட மாதிரி கேக்கும். ரொம்ப ஏத்தி, பின்னாடி வந்த சின்ன நோட்டு முடிஞ்ச பிறகும் முன்னாடி நோட்டு நின்னுச்சுன்னா, பல பேட்ச் திரும்பப் பழைய சுரத்துக்கே குதிக்கும். அது கமகம் இல்ல பிரதர், கோளாறு.

இந்த எடத்துலதான் மனுஷன் வாசிச்ச மாதிரி ஆக்குறேன்னு சாஃப்ட்வேர்ல இருக்கிற அந்த 'ஹியூமனைஸ்' பட்டனை அமுக்குறீங்க. நீளத்தை 10 டிக் கண்ணை மூடிக்கிட்டு ஏத்தி இறக்கும். 10 டிக்னா 120ல வெறும் பத்து மில்லி செகண்ட். நீளத்துல அந்த வித்தியாசம் காதுக்கு எட்டவே எட்டாது. ஆனா நீங்க கஷ்டப்பட்டு ஏத்தி வச்ச லெகாட்டோ அங்கங்க அறுந்து போகலாம். ஒரு நோட்டு வழுக்குது, அடுத்தது முட்டுது, ஏன்னு தெரியாம ராத்திரி முழுக்கத் தேடுவீங்க. மனுஷன் வாசிக்கிறதுல வர்ற ஏற்ற இறக்கம் லாட்டரி இல்ல. வேகமா ஓடுறப்ப நோட்டு குறுகும், அழுத்திச் சொல்ற சுரம் நீளும், வரி முடியுற எடத்துல சாஞ்சு நிக்கும். அதை எந்தப் பட்டனும் பண்ணாது. வரியைப் பாடிப் பாத்துட்டு மவுஸைப் பிடிங்க.

ஷெனாயில சுரத்தை மேல கீழ வளைக்கிற பிட்ச் பெண்ட் வேற இருக்கு. பெண்ட் ஒரு மிடி சேனல்ல ஒலிக்கிற எல்லா நோட்டுக்கும் பொதுவானது. நோட்டு முடிஞ்ச அந்த நொடியே பெண்டை சைபருக்கு இழுத்து விட்டா, இன்னும் அடங்காத ரிலீஸ் வாலும் கூடவே சறுக்கி "குய்"னு ஒரு சத்தம் வரும். சாவு வீட்டு கானால அந்தக் 'குய்' வந்தா எவ்ளோ கேவலம்! வால் அடங்கற வரைக்கும் பொறுத்து, அடுத்த நோட்டு தொடங்கறதுக்குச் சற்று முன்னாடி சைபராக்குங்க.

டோலக், சட்டி நோட்டுகளைச் சுருக்கிக்கிட்டு உக்காராதீங்க. அதெல்லாம் பெரும்பாலும் ஒன்-ஷாட் சாம்பிள் (ஒரு தட்டு தட்டினா முழுசா ஓடி முடியுறது), நீளம் எவ்ளோன்னு அதுக்குக் கவலையே இல்ல. பியானோவுல கை வைக்கிறதுக்கு முன்னாடி கன்ட்ரோலர் 64 லேனை, அதாவது சஸ்டெயின் பெடல் வரியை, பாருங்க. பெடல் மதிப்பு 64லயோ அதுக்கு மேலயோ நின்னா நோட்டை எவ்ளோ வெட்டினாலும் சத்தம் நிக்காது. எதிரொலி சேர்க்கிற ரிவெர்பையும் ஆஃப் பண்ணிட்டுக் கேளுங்க. அதுல முக்கி எடுத்து வச்சுக்கிட்டு சந்து எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?

எஃப்எல் ஸ்டூடியோங்கிற மியூசிக் சாஃப்ட்வேர்ல வேலை பண்றவங்க ஒரு பீட்டுக்கு 96 டிக்லயே விட்டுடறாங்க. 120ல ஒரு டிக் அஞ்சு மில்லி செகண்டுக்கு மேல, நுணுக்கமா எதுவும் நகராது. ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல ஆரம்பத்துலயே மாத்திக்கோங்க.

இவ்ளோ பண்ணி அனுப்பினதுக்கப்புறம் வருது பாருங்க ஒரு மெசேஜ்: "அண்ணா, ஸ்பீடு பத்தல, 100ஐ 140 ஆக்கிடு." மிடில நீளம் டிக்ல இருக்கு, செகண்டுல இல்ல. 480 டிக் கணக்குல, 100 டெம்போல 20 டிக் சந்து 25 மில்லி செகண்ட், 140ல அது 18க்குச் சுருங்கிடும். நாக்கு தட்டுற எடமெல்லாம் அடைஞ்சு டிரம்பெட் மறுபடி கீபோர்டு ஆயிடும். பேஸ், டிரம்பெட் ரெண்டையும் முதல்லருந்து திரும்பப் பாக்கணும். அதுக்குத் தனியா காசு கேட்டா, "டெம்போ நம்பரைத்தானே மாத்தப் போற, அதுக்கு இன்னாத்துக்குண்ணா துட்டு?"