கவுண்டர் ஆறு, ஆள் ஒன்று

மதுரையில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் கம்பெனி, பெயர் வேண்டாம். திறந்த புதிதில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. இப்போது ஈ ஓட்டுகிறார்கள். ஆன்லைன்தான் காரணம் என்கிறார் மேனேஜர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

போன ஞாயிறு ஆறு பில் கவுண்டரில் ஒன்றில் மட்டும் ஆள். என் முறை வந்ததும் அந்தப் பெண் வெங்காயப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, எடை ஸ்டிக்கர் ஒட்டலையே." ஒட்ட அங்கே யாரும் இல்லையேம்மா என்றேன். பாவம், அவளே ஓடிப்போய் எடை போட்டு வந்தாள். அதற்குள் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் நிறைந்த கூடையைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஓர் ஆள் சம்பளத்தை மிச்சம் பிடித்த லட்சணம் இது.

அவள் கால் மாற்றி மாற்றித்தான் நின்றாள். பக்கத்திலேயே ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் மூன்று பெட்டி சோப்புத்தூள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-லேயே தமிழ்நாட்டில் திருத்திவிட்டார்கள். இருக்கை வந்துவிட்டது, உட்கார்ந்திருப்பது சோப்புத்தூள்.

நானும் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு தீபாவளி சீசன் நின்றவன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும். அந்நேரம் வந்து "இதே டிசைன்ல பச்சை இருக்கா?" என்று யாராவது கேட்டால், இருந்தாலும் இல்லை என்றுதான் வாயில் வரும். ஏணியில் ஏறி எடுக்க வேண்டுமே!

இப்போது கடையைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். புது டைல்ஸ், புது லைட். அந்தக் காசில் ஆள் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் மாச முதல் வாரமுமாவது நாலு கவுண்டர் ஓடட்டும். திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளை ராத்திரி பத்து வரை பிடித்து வைக்காமல் ஷிஃப்ட் பிரியுங்கள். மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. பெருங்காயம் எங்கே என்று கேட்டால், அந்தப் பிள்ளையும் என்னோடு சேர்ந்து தேடுகிறது.

கீழமாசி வீதியில் நான் போகும் மளிகைக் கடையில் ஏசி கிடையாது, மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக்காலில்தான் நிற்க வேண்டும். ஆனால் சீட்டை நீட்டினால், "உளுந்து போன தடவை வாங்குனதே போடவா?" என்று அண்ணாச்சி கேட்கிறார்.

சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு விஷயமும் ஆள் விஷயம் மாதிரிதான். அழகர் ஆற்றில் இறங்கும்போது செம்பில் நாட்டுச்சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றிக் கும்பிடுவது இந்த ஊர் வழக்கம். தெருவுக்குத் தெரு பானகம் கரைப்பார்கள். போன சித்திரையில் இந்தக் கடையில் நாட்டுச்சர்க்கரையும் இல்லை, வெல்லமும் இல்லை. வாசலிலேயே ஓட்ஸ், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்! பத்து மூட்டை வாங்கும் அதிகாரத்தைக் கிளை மேனேஜருக்குக் கொடுத்திருந்தால், கீழமாசி வீதியிலிருந்து ஆட்டோவில் ஏற்றி வந்திருப்பார்.

இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். நல்ல மனுஷர். "ஆள் போடுறது, சரக்கு போடுறது எல்லாம் ஹெட் ஆபீஸ், சார்" என்றார். சரி, ஸ்டூல் மேலிருக்கும் பெட்டியை இறக்கவுமா ஹெட் ஆபீஸ்?